மேற்கு மாம்பலத்துப் பழைய படங்கள் மூன்று: எடுத்த ஆண்டையும் இடத்தையும் கண்டுபிடிக்க உதவுங்கள்

கேள்வி | மாம்பலத்துப் பேத்தி

அனைவருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டை அடுக்குமாடி கட்டுவதற்காகக் கொடுத்துவிட்டோம். தை பிறந்ததும் இடிக்கப்போகிறார்கள். பரணைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டி நிறையப் புகைப்படங்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் பின்புறம் ஒன்றுமே எழுதப்படவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மாவும் பெரியம்மாவும் மட்டுமே இருக்கிறார்கள். அவர்கள் இருவரும் எந்தப் படத்தைக் காட்டினாலும் ஆளுக்கொரு ஆண்டைச் சொல்கிறார்கள்.

மூன்று படங்களைப் பற்றி மட்டும் இங்கே கேட்கிறேன்.

முதலாவது, எங்கள் மொட்டைமாடியிலிருந்து கிழக்கே பார்த்து எடுத்த படம். தென்னை மரங்களுக்கு நடுவே ரயில் பாதையும், அதன்மேல் மின்கம்பிகளும், புகை விட்டுக்கொண்டு போகும் ஓர் எஞ்சினும் தெரிகின்றன. மாடி 1952இல் எடுத்துக் கட்டியது என்று வீட்டுக் காகிதங்களில் இருக்கிறது. பாட்டி அந்தப் பக்கத்தை எப்போதும் ‘ஏரிப் பக்கம்’ என்றுதான் சொல்வார். ஆனால் படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

இரண்டாவது, தாத்தா ஒரு காப்பித்தூள் கடை வாசலில் நிற்கும் படம். கடைப் பலகையில் பெயர் பாதி மறைந்திருக்கிறது; அதற்குக் கீழே ‘சென்னை-33’ என்று, துதிக்கை போட்ட பழைய ‘னை’ எழுத்தில் எழுதியிருக்கிறது. ஓரத்தில் ஒரு பேருந்தின் பக்கவாட்டில் ‘பல்ல’ என்ற எழுத்துகள் வரை தெரிகின்றன.

மூன்றாவது, கூடத்தில் வைத்த நவராத்திரிக் கொலு. பாட்டி மடியில் ஒரு கைக்குழந்தை இருக்கிறது. சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தால் அக்டோபர் 4, ஞாயிறு என்று படிக்க முடிகிறது. ஆண்டு இருக்கும் இடத்தைத் தோரணம் மறைத்துவிட்டது.

இவற்றின் ஆண்டை எப்படி உறுதி செய்வது? பெட்டியில் இருப்பவற்றை எப்படிப் பாதுகாப்பது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 | ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்

அம்மா, முதல் படத்தில் உங்களுக்குக் குழப்பம் தரும் இரண்டும், அதாவது கம்பியும் புகையும், ஒரே காலத்தில் இருந்தவைதான். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையிலான மீட்டர்கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) பாதையில் மின்சார ரயில் 1931இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால் அது புறநகர் வண்டிகளுக்கு மட்டுமே. எழும்பூரிலிருந்து விழுப்புரம், திருச்சி என்று தெற்கே போகும் வண்டிகளை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீராவி எஞ்சின்களே இழுத்துச் சென்றன. மின்கம்பிக்குக் கீழே கரி எஞ்சின் போவது மாம்பலத்துக்காரர்களுக்கு அன்றாடக் காட்சி. மாடியில் வெள்ளை வேட்டி உலர்த்தினால் கரித்தூள் படிந்துவிடும் என்று வீட்டுப் பெண்கள் அலுத்துக்கொள்வார்கள்.

விழுப்புரம் வரை மின்மயமானது அறுபதுகளின் பிற்பகுதியில். அதன் பிறகும் நீராவி எஞ்சின் அந்தப் பாதையில் அறவே வந்திருக்காது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என்றாலும் பயணிகள் வண்டியை இழுத்துக்கொண்டு புகை கக்கியபடி போகிறது என்றால், படம் அதற்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் மாடி 1952இல் கட்டியது என்பதால், 1952க்கும் அறுபதுகளின் பிற்பகுதிக்கும் இடைப்பட்ட காலம் என்று எழுதி வையுங்கள். எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிகள் தெளிவாகத் தெரியும்படி அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் போட்டால் இன்னும் கொஞ்சம் நெருக்கிச் சொல்ல முடியும். மீட்டர்கேஜ் புறநகர் வண்டிகள் 2004 வரை ஓடின. ஆகவே குறுகிய பாதை தெரிகிறது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பதில் 2 | ஏரிக்கரைத் தெருவாசி

பாட்டி சொன்னது சரியே. இன்று தியாகராய நகர் என்று நாம் சொல்லும் பகுதியின் பெரும்பங்கு, நுங்கம்பாக்கம் பக்கமிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த ஒரு பெரிய ஏரியின் படுகை. ரயில் பாதை அந்த ஏரியின் மேற்குப் பக்கமாகப் போனது. கிழக்கே மவுண்ட் ரோடு. 1911இல் மாம்பலம் ரயில் நிலையம் வந்தபோது அதன் கிழக்குப் பக்கம் தண்ணீர்தான். நகரமைப்புச் சட்டம் 1920இல் வந்த பின், இருபதுகளில் ஏரியை வடித்து மனைகளாகப் பிரித்தார்கள். அப்போது நீதிக்கட்சி ஆட்சி என்பதால் அக்கட்சித் தலைவர்களின் பெயர்களே ஊர் முழுக்க நிறைந்தன. ஊருக்குப் பிட்டி தியாகராயர் பெயர், பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர், இன்னொரு பூங்காவுக்கு நடேசனார் பெயர், பெரிய சாலைக்கு முகமது உஸ்மான் பெயர். பாண்டி பஜாரைக்கூட ஊ. பு. அ. சவுந்தரபாண்டியனாரின் பெயரால் சவுந்தரபாண்டியனார் அங்காடி என்று எழுதுவதே முறை. அப்படிச் சொல்லி ஆட்டோக்காரரிடம் வழி கேட்டால் என்ன நடக்கும் என்பது வேறு விஷயம்.

ஆகவே உங்கள் மாடியிலிருந்து படம் எடுத்தபோது ஏரி போய்க் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பெயர் மட்டும் பேச்சில் நின்றுவிட்டது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இன்றும் இருக்கிறது, அங்கிருந்து பார்க்க ஏரி இல்லாவிட்டாலும். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலையும் அதே ஏரியின் மிச்சம்தான். மழைக்காலத்தில் ஏரி தன் இடத்தை மறக்கவில்லை என்பது துரைசாமி சுரங்கப்பாதையில் சிக்கிக்கொண்ட எவருக்கும் தெரியும்.

படத்தில் தென்னைகளுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரங்கநாதன் தெரு அப்போது திண்ணை வைத்த வீடுகள் இருந்த குடியிருப்புத் தெரு. நிலையத்தில் இறங்கி அந்தத் தெரு வழியாக உஸ்மான் சாலைக்கு நடந்து போனால் வீட்டு வாசல்களில் கோலம்தான் கண்ணில் படும். இன்றைக்கு ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்காக நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 2023இல் ஓர் ஆகாய நடைபாதையே கட்ட வேண்டியிருந்தது. உங்கள் படத்தின் வலது ஓரத்தில் ஓட்டுக் கூரைகள் வரிசையாகத் தெரிந்தால் அது அந்தத் தெருவாகவே இருக்கலாம். அப்படியானால் அந்தப் படம் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய பொருள் அல்ல. மாடியிலிருந்து தற்செயலாக எடுத்த இத்தகைய படங்கள் மிகவும் குறைவு. திருமணம், ஷஷ்டியப்தபூர்த்தி, ஸ்டுடியோவில் நின்று எடுத்த குடும்பப் படம் என்று எல்லா வீட்டிலும் பெட்டி பெட்டியாக இருக்கும். தெருவை யாரும் படம் எடுத்ததில்லை.

பதில் 3 | பலகை எழுத்தன்

இரண்டாவது படத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் தகப்பனார் கடைப் பலகை எழுதும் தொழில் செய்தவர். நானும் சில காலம் தூரிகை பிடித்தவன்.

எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978 அக்டோபரில் வந்தது. ஆகவே பழைய ‘னை’ இருப்பதால் படம் அதற்கு முந்தியது என்று பலர் உடனே சொல்வார்கள். அது சரியல்ல. ஆணை வந்த மறுநாள் எந்தக் கடைக்காரரும் பலகையை அழித்து எழுதவில்லை. வண்ணம் மங்கும்வரை பழைய எழுத்தே நிற்கும். புதிதாக எழுதிய பலகையில்கூட, கை பழகிய எழுத்தர்கள் பல ஆண்டுகள் துதிக்கை போட்டுத்தான் எழுதினார்கள். எதிர்ப்பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. பெரியார் 1935லேயே குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கிவிட்டதால், அவருடைய இயக்கத்தைச் சேர்ந்தவர்களின் கடைகளில் 1978க்கு முன்பே புதிய எழுத்தைப் பார்த்திருக்கிறேன்.

‘சென்னை-33’ என்பதும் அப்படித்தான். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்டு 15இல் வந்தது. மேற்கு மாம்பலத்துக்கு 600033. அதற்கு முன் 33 மட்டும்தான். ஆனால் பழக்கத்தை விட முடியாமல் எண்பதுகளிலும் சென்னை-17, சென்னை-33 என்று எழுதியவர்கள் ஏராளம்.

பழைய படத்தைப் பார்க்கும்போது அதிலுள்ள பழைய பொருள்களை நம்பக் கூடாது. இருப்பவற்றுள் மிகப் புதியது எதுவோ அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய பலகை, பழைய கார், பழைய கடிகாரம் எல்லாம் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் அங்கேயே கிடந்திருக்கலாம், ஆனால் இன்னும் வராத ஒன்று படத்தில் வந்து நிற்க முடியாது. உங்கள் படத்தில் அந்தப் புதிய பொருள் பேருந்துதான். ‘பல்ல’ என்பது பல்லவன் போக்குவரத்துக் கழகம். அது 1972 ஜனவரி 1இல் தொடங்கியது. எனவே பலகை அறுபதுகளில் எழுதியதாகவே இருந்தாலும், உங்கள் தாத்தா அதன் முன்னால் நின்றது 1972க்குப் பிறகுதான். போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களை 1997இல் மாற்றிவிட்டார்கள். அது மறு எல்லை. இடையில் இருப்பது கால் நூற்றாண்டு, உண்மைதான். கடை வாசலில் ஸ்கூட்டரோ மோட்டார் சைக்கிளோ நின்றால் அதன் எண் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். டிஎன் என்ற இரண்டு எழுத்தும் அதன்பின் மாவட்ட எண்ணும் இருந்தால் 1989க்குப் பிறகு. மூன்று எழுத்து இருந்தால் வண்டி பழையது, அவ்வளவே.

பதில் 4 | பஞ்சாங்கப் பிரியை

கொலுப் படம் மூன்றிலும் எளிது. அக்டோபர் 4 ஞாயிற்றுக்கிழமையாக வந்த ஆண்டுகளை 1950இலிருந்து 1990 வரை எடுத்தால் 1953, 1959, 1964, 1970, 1981, 1987 ஆகியவை கிடைக்கின்றன. கொலு வைத்திருப்பதால் அந்த நாள் நவராத்திரிக்குள் விழ வேண்டும். அதாவது மகாளய அமாவாசை முடிந்திருக்க வேண்டும், விஜயதசமி கழிந்திருக்கக் கூடாது. 1953லும் 1964லும் அக்டோபர் 4 வரை மகாளய அமாவாசையே வரவில்லை. 1987இல் விஜயதசமி அக்டோபர் 2லேயே முடிந்துவிட்டது. மீதம் இருப்பவை 1959, 1970, 1981.

இந்த மூன்றுக்கும் நடுவே பத்து ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருப்பதால் பாட்டி மடியில் இருக்கும் குழந்தை யார் என்று தெரிந்தால் போதும். பெரியம்மாவிடம் ‘இது எந்த வருஷம்’ என்று கேட்காதீர்கள்; ‘இது யாருடைய குழந்தை, அப்போது இந்தக் கூடத்தில் மின்விசிறி போட்டாயிற்றா’ என்று கேளுங்கள். ஆண்டை மறந்தவர்களும் பிள்ளைகளின் வரிசையை மறப்பதில்லை. அவர் பேசும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: நாள்காட்டித் தாளைச் சிலர் தினமும் கிழிக்க மாட்டார்கள். கொலுவின் எந்த நாள் என்பதில் ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கலாம்.

பதில் 5 | படப் பாதுகாவலர்

பாதுகாப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். லேமினேட் செய்யாதீர்கள்; பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. பசைப் பக்கமும் மேலே கண்ணாடித் தாளும் உள்ள ஆல்பங்களில் ஒட்டியிருக்கும் படங்களைப் பிய்க்காமல், பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை அடியில் விட்டு அறுப்பதுபோல மெல்ல இழுத்து எடுங்கள். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்து அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ போதும். பின்புறம் காலியாக இருந்தாலும் அதையும் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்டுடியோ முத்திரை சில வேளை பென்சில் கோடு போல மங்கலாக இருக்கும், திரையில் வெளிச்சத்தைக் கூட்டினால் படிக்க வரும்.

படத்தின் வடிவமும் ஒரு தடயம். சதுரப் படமாக இருந்தால் 120 என்ற அளவு ஃபிலிம் சுருளில் எடுத்ததாக இருக்கலாம். அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்கள் நம் வீடுகளுக்கு வந்த பிறகுதான் இப்படி மொட்டைமாடிப் படங்கள் பெருகின. ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தால் ஐம்பதுகள், அறுபதுகளின் வழக்கம்.

படத்தின் பின்னால் எழுத வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதுங்கள். பந்துமுனைப் பேனா முன்பக்கம் தழும்பாகத் தெரியும். தகரப் பெட்டி துருப்பிடிக்கிறதே என்று அதைத் தூக்கிப் போட வேண்டாம்; ஆனால் படங்களை அதில் திரும்ப வைக்கவும் வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு அமிலமற்ற காகித உறையும் காற்றோட்டமான அலமாரியும் நல்லது. மலிவான பிளாஸ்டிக் உறை படத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

மறுமொழி | மாம்பலத்துப் பேத்தி

அனைவருக்கும் நன்றி. கொலுப் படம் தீர்ந்தது: மடியில் இருப்பது என் அக்கா, அவள் பிறந்தது 1970 பிப்ரவரி. பெரியம்மா 1968 என்றும் அம்மா 1972 என்றும் சாதித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது மின்விசிறி எப்போது போட்டது என்பதில் விவாதம் நடக்கிறது, ஒலிப்பதிவு ஓடுகிறது.

மாடிப் படம் சதுரம்தான், ஓரம் பல்வெட்டு. வலது பக்கம் ஓட்டுக் கூரைகள் தெரிகின்றன, ஆனால் அவை பாதைக்கு மிக அருகில் இருப்பதால் ரங்கநாதன் தெருதானா, நிலையத்தை ஒட்டிய ரயில்வே குடியிருப்பா என்று எனக்குப் புரியவில்லை. காப்பித்தூள் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. எண் பலகையைத் தாத்தாவின் குடை மறைக்கிறது. கடை ஆரிய கவுடா சாலையிலா, ஸ்டேஷன் சாலையிலா என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு. இரண்டு படங்களையும் பின்புறத்தோடு ஸ்கேன் செய்து, எஞ்சினையும் கூரைகளையும் கடைப் பலகையையும் தனித்தனியாக வெட்டி இந்த வார இறுதியில் இங்கேயே இடுகிறேன். அந்தக் கடையில் தூள் வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால் பலகையைப் பார்த்துச் சொல்லுங்கள்.