கீசர் போட்டா ஆர்சிசிபி விழுது

கீசர் போட்டு அஞ்சே நிமிஷத்துல ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா கட் பண்ற சுவிட்ச்) டிரிப் ஆகி வீடே இருட்டாயிடுது, எலக்ட்ரீஷியன் வந்து பாத்துட்டு அது இல்லாம நேரா கனெக்ஷன் குடுத்து பைபாஸ் பண்ணிடலாம் சார்ங்கறாரு, பண்ணலாமா?

> ஐயோ வேணாம்ங்க! 30 மில்லிஆம்ப் லீக் ஆனாலே கட் பண்ணத்தான் அது இருக்கு. கூட இருக்கற எம்சிபி சுவிட்ச் ஓவர்லோடு, ஷார்ட்டுக்குதான், ஆளுக்கு ஷாக் அடிச்சா அது பாட்டுக்கு சும்மா இருக்கும். அந்த எலக்ட்ரீஷியன மொதல்ல மாத்துங்க.

> எங்க வீட்லயும் இதே கததான், போர் தண்ணி வேற, உப்பு படிஞ்சு கீசரோட ஹீட்டிங் எலிமென்ட் வெடிச்சு உள்ள தண்ணி எறங்கியிருந்துச்சு, மாத்துனதும் சரியாயிடுச்சு. கீசர் பிளக்க புடுங்கிட்டு பாருங்க, அப்பவும் விழுந்தா வயரிங்கா இருக்கலாம்.

> எர்த்தையும் செக் பண்ணிடுங்க. ஆர்சிசிபில இருக்கற டெஸ்ட் பட்டன என்னிக்காவது அமுக்கிருக்கீங்களா?

புடுங்கிட்டேன், விழல. பட்டன் இருக்கறதே இன்னிக்குதான் தெரியும் 😅