மழையில் வைப்பர் தானாக ஓடுகிறது, வலது இன்டிகேட்டர் எரியவில்லை: பி.சி.எம். (பாடி கன்ட்ரோல் மாட்யூல்) மாற்றத்தான் வேண்டுமா?

ஏற்காட்டுக்காரன்:
வணக்கம். வண்டி பி.எஸ்.6 டீசல் பிக்கப், சிங்கிள் கேப். நாகலூர் பக்கம் காபித் தோட்டம். மூட்டையைச் சேலத்தில் இறக்கிவிட்டு, திரும்பும்போது உரம் ஏற்றி வருவதுதான் இதற்கு வேலை.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது. சாவியைத் திருப்பினால் வைப்பர் தானாக ஓடுகிறது, சுவிட்சை அணைத்தாலும் நிற்பதில்லை. ஆள் இல்லாத வண்டியில் சென்ட்ரல் லாக் டக் டக்கென்று அடிக்கிறது. இரவு நிறுத்தினால் காலையில் செல்ஃப் எடுக்காது. வலது இன்டிகேட்டர் முன்னும் பின்னும் எரியவே இல்லை. நல்ல வெயில் அடித்தால் அந்த இன்டிகேட்டர் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காகிவிடும்.

கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள், யு0140 என்று ஒரு கோளாறு கோடு (code) வந்தது. வைப்பர், லாக், இன்டிகேட்டரை எல்லாம் இயக்கும் கம்ப்யூட்டர் டப்பாதான் பி.சி.எம். என்றார்கள். “பி.சி.எம். போச்சு, புதுசு போட்டுடலாம்” என்றார்கள். ஒரு பேனலைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை, ஆனால் விலை மட்டும் ஐந்து இலக்கத்தில் சொன்னார்கள். பழம் பறிப்பு நேரம், வண்டியை ரொம்ப நாள் நிறுத்த முடியாது. 20 கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக்கொண்டு இறங்குகிறேன். காயலான் கடையில் பழைய பி.சி.எம். கிடைக்குமாம். வாங்கிப் போடலாமா?

கோரிமேடு வயர்மேன்:
அண்ணா, முதலில் பணத்தை உள்ளே வையுங்கள். மழையில் கெட்டு வெயிலில் சரியாகிற கோளாறு என்றால், பத்துக்கு எட்டு தடவை தண்ணீர் அல்லது எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டி பாடியோடு சேர்க்கும் இணைப்பு). யு0140 என்ற கோடு சொல்வது ஒன்றுதான்: மற்ற மாட்யூல்களுக்கு பி.சி.எம்.மின் பேச்சு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று அது சொல்லாது. பி.சி.எம்.முக்குக் கரண்ட் வராவிட்டாலும், எர்த் விட்டுப்போனாலும் இதே கோடுதான் வரும்.

பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள். சார்ஜ் ஏற்றி ஓய்வில் விட்டால் 12.6 வோல்ட் அருகில் நிற்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் பக்கம். அது சரி என்றால் எர்த். எல்லோரும் மீட்டரை ஓமில் வைத்துப் பார்த்துவிட்டு “எர்த் ஓகே” என்பார்கள். அது பத்தாது. ஒற்றை இழை வயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் நல்லது என்றே காட்டும். ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டுவிட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை பி.சி.எம். கப்ளரின் (வயர்கள் செருகும் இணைப்பின்) எர்த் பின்னிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் அங்கேதான் பேய்.

அப்புறம் கப்ளர்களைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள், பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று. ஸ்கேனர் மாட்டும் 16 பின் போர்ட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவே, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஓம் பாருங்கள். 60 வந்தால் மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் லைன் முழுசாக இருக்கிறது. இரண்டு கோடியிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்து காட்டும் கணக்கு அது. 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. சில புது வண்டிகளில் போர்ட்டுக்குப் பின்னால் கேட்வே (நடுவில் நின்று செய்தியை மாற்றிவிடும் மாட்யூல்) இருக்கும், அதில் இந்தக் கணக்கு செல்லாது.

லோடுவண்டி:
இவ்வளவு எதற்கு? வலது இன்டிகேட்டருக்குத் தனியாக ஒரு பிளாஷர் ரிலே, ஒரு சுவிட்ச். கொண்டலாம்பட்டியில் அரை மணி நேர வேலை.

கோரிமேடு வயர்மேன்:
தம்பி, பழைய வண்டிக்குச் சரி. இதில் பி.சி.எம்.மிலிருந்து வரும் வயரைப் பிரிக்காமல் வெளிக் கரண்டைக் கொடுத்தால், அது மாட்யூலின் அவுட்புட்டுக்குள் திரும்பிப் போகும். பாதி கெட்டது முழுசாகக் கெடும். வைப்பரும் லாக்கும் அப்போதும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அவசரத்துக்குச் செய்வதானால் வயரைப் பிரித்து, நடுவில் ஃபியூஸ் போட்டுச் செய்யுங்கள். அதையே வைத்தியம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஏற்காட்டுக்காரன்:
பார்த்துவிட்டேன். பேட்டரி, டைனமோ இரண்டும் நல்லது. போர்ட்டில் 60 ஓம். எர்த்தில் 0.8 வோல்ட்! டிரைவர் கால் பக்கப் பேனலைக் கழற்றினால் எர்த் போல்ட் துருப்பிடித்துக் கிடக்கிறது, அதற்கு மேலே கம்பளி நனைந்து ஊறியிருக்கிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் மேலே ஊற்ற, நான் உள்ளே டார்ச்சோடு படுத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் தொட்டி முழுக்க சில்வர் ஓக் இலை. மிளகுக் கொடிக்கு அந்த மரம்தானே, வண்டி நிற்பதும் அதன் அடியில்தான். வடிகால் ஓட்டை அடைத்துப்போய், தண்ணீர் வயரிங் நுழையும் ரப்பர் வழியாக உள்ளே இறங்கி, வயரைப் பிடித்துக்கொண்டே நேராக பி.சி.எம். கப்ளரில் சொட்டுகிறது.

இலையை அள்ளி, ரப்பரை மாற்றி, எர்த் போல்ட்டைச் சுரண்டி முறுக்கினேன். கப்ளரை கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காய வைத்தேன், அரித்துப்போன ஒரு டெர்மினலை எலக்ட்ரீசியன் மாற்றிக் கொடுத்தார். இப்போது எர்த்தில் 0.05. வைப்பரும் லாக்கும் அடங்கிவிட்டன. ஆனால் வலது இன்டிகேட்டர் இன்னும் எரியவில்லை.

கோரிமேடு வயர்மேன்:
அப்படியானால் இரவில் பேட்டரி இறங்குவதையும் பார்த்துவிடுங்கள். வண்டியைப் பூட்டி, அரை மணி நேரம் தூங்கவிட்டு, நெகட்டிவில் ஆம்பியர் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். நடுவில் கதவைத் திறந்தால் எல்லா மாட்யூலும் விழித்துக்கொள்ளும், கணக்கு தப்பாகும்.

இன்டிகேட்டருக்கு: வலது பக்க அவுட்புட் வயரை மாட்யூலிலிருந்து பிரித்து, ஃபியூஸ் வைத்த வயரில் 12 வோல்ட் கொடுங்கள். இரண்டு 21 வாட் பல்பு, பக்கத்தில் ஒரு 5 வாட், மொத்தம் 4 ஆம்பியர் பக்கம் இழுக்க வேண்டும். ஃபியூஸ் போனால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. லோடு பிக்கப்பில் பின் லைட்டுக்குப் போகும் வயர் சேஸிஸில் தேய்வது சகஜம். பல்பு எரிந்தால் வயர் நல்லது. பிறகு ஸ்கேனரில் வலது இன்டிகேட்டரை ஆன் செய்யச் சொல்லி, மாட்யூல் பின்னில் டெஸ்ட் லேம்ப் வையுங்கள். இடது பக்கத்தையும் அதேபோல் பார்த்து ஒப்பிடுங்கள்.

ஏற்காட்டுக்காரன்:
பூட்டிய வண்டியில் 30 மில்லி ஆம்பியர், அது சரியாகிவிட்டது. வயரில் நேராகக் கொடுத்தால் எல்லா பல்பும் எரிகிறது, 4 ஆம்பியர். ஸ்கேனரில் சொன்னால் இடது பின்னில் லேம்ப் மினுக்குகிறது, வலது பின்னில் ஒன்றும் இல்லை. மாட்யூலைத் திறந்தோம், அந்த மூலையில் போர்டு வெள்ளை பூத்து, தடம் அரித்திருக்கிறது.

கோரிமேடு வயர்மேன்:
அவுட்புட் போய்விட்டது. இப்போது மாற்றுங்கள். தண்ணீரை நிறுத்தாமல் அன்றைக்கே புதிதைப் போட்டிருந்தால் அடுத்த மழைக்கு அதுவும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை:
காயலான் கடை மாட்யூல் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அது வேண்டாம். பல வண்டிகளில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்பவிடாத அமைப்பு) பி.சி.எம்.முக்குள்ளேயே இருக்கிறது. பழைய வண்டியின் சேஸிஸ் எண்ணோடும் சாவியோடும் அது கட்டப்பட்டிருக்கும், உங்கள் சாவியை ஏற்காது. பவர் விண்டோ உண்டா, ஃபாக் லேம்ப் உண்டா என்பதைப் பொறுத்து பாகத்தின் எண்ணும் மாறும். பார்ப்பதற்கு ஒரே டப்பா என்று வாங்கினால் ஏமாற்றம்தான். பழைய டப்பாவின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, அதே எண் அல்லது கம்பெனி மாற்றாகச் சொல்லும் எண்ணையே கேளுங்கள்.

மாற்றுவதற்கு முன் பழையதிலிருந்து செட்டிங் படிக்க முடிந்தால் ஸ்கேனரில் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத்தான் கப்ளரை இழுக்க வேண்டும். கோடிங் (புது மாட்யூலில் உங்கள் வண்டியின் விவரத்தை ஏற்றுவது) செய்யும்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டியே இருக்கட்டும், நடுவில் வோல்ட் இறங்கினால் புது மாட்யூலே பாழ். இரண்டு சாவியையும் கையோடு எடுத்துப் போங்கள். கையில் இல்லாத சாவியை அதன் பிறகு வண்டி ஏற்காமல் போகலாம்.

ஏற்காட்டுக்காரன்:
அஸ்தம்பட்டியில் வேறொரு இடத்தில் முடிந்தது. மாட்டுவதற்குக் கொஞ்ச நேரம்தான், கோடிங்குக்குத்தான் நேரம் போனது. ரெண்டு சாவியும் எடுக்கிறது, ஸ்கேனரில் பழைய கோடு இல்லை. பவர் விண்டோவில் ஒரு தட்டுக்கு முழுக்க ஓடும் ஆட்டோ மட்டும் வேலை செய்யவில்லை.

செவ்வாய்ப்பேட்டை:
அது கோளாறு இல்லை, கரண்ட் துண்டித்தால் அந்தக் கணக்கு மறந்துவிடும். பெரும்பாலான வண்டிகளில் கண்ணாடியை முழுக்க இறக்கி, முழுக்க ஏற்றி, மேலே போன பிறகும் சுவிட்சைச் சில வினாடி பிடித்தால் திரும்ப வரும். வராவிட்டால் கையேட்டில் முறை இருக்கும்.

லோடுவண்டி:
புது பி.சி.எம். போட்டால் கிலோமீட்டர் மாறுமா? என் வண்டிக்கும் இதே கதை வரும் போலிருக்கிறது.

கோரிமேடு வயர்மேன்:
சில வண்டியில் கிலோமீட்டர் மீட்டரில் மட்டும் இருக்கும், சிலவற்றில் பி.சி.எம்.மிலும் ஒரு பிரதி இருக்கும். கோடிங் செய்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், ரீடிங்கை பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் வண்டியும் மரத்தடியில்தான் நிற்கிறதென்றால், இன்றைக்கே பானெட்டைத் தூக்கி அந்தத் தொட்டியைப் பாருங்கள் தம்பி.