புதுப்பிப்பு: பெரியம்மாவுக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது

கணவரை இழந்து தனியே வாழும் பெரியம்மாவுக்கு அரசு உதவிகள் பெறுவது எப்படி என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய் வரத் தொடங்கிவிட்டது.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் கிடைத்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாருடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்துக்குப் போனோம். முழங்கால் வலியுள்ளவரை அவ்வளவு தூரம் அழைத்துப் போனது மனத்தை வருத்தியது. காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட கால்கள் அவை.

அரிசிதான் பாக்கி. மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா குடும்ப அட்டையானால் மாதம் 35 கிலோ கிடைக்கும். வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டும் வாங்கியிருக்கிறோம்.