ஆதி தாளக் கோர்வை (முடிவுக்கு வாசிக்கும் சொற்கட்டு) 2 மாத்திரை முன்னமே முடிகிறது, ஏன்?

திருகோணமலை மிருதங்க மாணவன்:
சதுஸ்ர நடை (ஒரு அட்சரத்துக்கு, அதாவது ஒரு தாள எண்ணிக்கைக்கு, 4 மாத்திரை), 2 ஆவர்த்தனம் (8 அட்சரத் தாளச் சுற்று), 64 மாத்திரை. முன்பகுதி 43, பிறகு ததிங்கிணதொம் மூன்று தரம், கார்வை (இடைவெளி) 2 வீதம்: 43 + 3×(5+2) = 64. கோணேசர் கோயில் கச்சேரிக்கு முன் திருத்த வேணும்.

சுருதிலயம்:
தம்பி, மூன்று தீர்மானத்துக்கு (ததிங்கிணதொம்) இடையில் கார்வை வருவது இரண்டு தரம்தான். கடைசித் தொம்முக்குப் பிறகு சமம் (அடுத்த தாளச் சுற்றின் தொடக்கம்). 15+4=19, ஆகவே முன்பகுதி 45. தகதிமி, தகதகிட, தகதிமிதக (4+5+6) மூன்று தரம் வாசியுங்கோ, வடிவாக இருக்கும். கடைசித் தீர்மானத்தின் 'திங்' இறுதி வீச்சில் (கையைத் திருப்பிப் போடும் கடைசி அட்சரத்தில்) விழ வேணும். விழாவிட்டால் கார்வையை விழுங்கியிருக்கிறீர்கள்.

கோணமலை லயம்:
எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்துக்கு அரை அட்சரம் தள்ளியென்றால் கார்வையை 3 ஆக்குங்கோ: 45+15+6=66. அரை அட்சரம் முன்னமென்றால் கார்வை 1, மொத்தம் 62. சொற்களைத் தொடவே தேவையில்லை.