டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே பொய் சொல்கின்றன (1994 அம்பாசிடர்)

குளச்சல் அம்பி:

அப்பா வாங்கிய வண்டி. 1994 மாடல் அம்பாசிடர், டீசல். எங்கள் வீடு குளச்சலில் கடலிலிருந்து அரை கிலோமீட்டர். ஷெட்டுக்கு மூன்று பக்கம்தான் சுவர். உப்புக்காற்றில் வண்டி என்ன பாடுபடும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். எஞ்சினில் குறை இல்லை, சாவி போட்டால் உடனே பிடிக்கும். சிக்கல் எல்லாம் டேஷ்போர்டில்.

மூன்று மாதமாக டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. திங்கள்சந்தை போய்ச் சேர்வதற்குள் ஏறிவிடும். பதறிப்போய் நிறுத்தி பானெட்டைத் தூக்கினால் கொதிப்பு இல்லை, ஆவி இல்லை, தண்ணீரும் குறையவில்லை. நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் விட்டேன். தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், எஞ்சின் சூட்டை மீட்டருக்குச் சொல்லும் டெம்பரேச்சர் சுவிட்சும் புதிதாகப் போட்டார்கள். 4,300 ரூபாய் ஆனது. முள் அதே சிவப்பில். "மீட்டர்தான் போயிருக்கும் சார், பழைய சாமான் கடையில கிடைக்குதான்னு பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றிக் காய்ச்சல் துப்பாக்கியை ரேடியேட்டருக்கு நேராகப் பிடித்தும் பார்த்தேன். 'ஹை' என்று மட்டும் காட்டியது. மனுசக் காய்ச்சலுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது போல.

போன ஞாயிறு வள்ளியூரில் ஒரு கல்யாணம். கிளம்பும்போது டீசல் முள் பாதிக்கு மேல் இருந்தது, அதை நம்பிப் போனேன். ஆரல்வாய்மொழி தாண்டி, முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நின்றுவிட்டது. டீசல் இல்லை. முள்ளோ கால் கோட்டுக்குச் சற்றுக் கீழே சாவகாசமாக நிற்கிறது. பின்சீட்டில் அம்மா, "அம்மனுக்குக் காசு போடாம வந்தா இப்படித்தான்" என்கிறாள். கோயிலே இன்னும் வரவில்லை என்று சொன்னால் கேட்கவா போகிறாள். பைக்கில் போன ஒரு தம்பி கேனில் டீசல் வாங்கி வந்து கொடுத்தான். அந்தக் கணவாய்க் காற்றில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஃபில்டரில் ஏர் எடுத்ததை, அதாவது டீசல் தீர்ந்ததும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றியதை, விரிவாக எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். தாலி கட்டி முடிந்து பந்தியில் மூன்றாவது வரிசைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இப்போது என் கேள்வி. டெம்பரேச்சர் மீட்டர் போனது ஒரு கோளாறு, டேங்கில் டீசல் அளவைச் சொல்லும் மிதவை, அந்த ஃப்ளோட், போனது இன்னொரு கோளாறா? முதலில் எதை மாற்றுவது?

மார்த்தாண்டம் ஜீப்:

ஃப்ளோட்தான், சந்தேகமே வேண்டாம். என் ஜீப்பிலும் டீசல் முள் பாதியிலேயே நின்றது. கழற்றிப் பார்த்தால் ஃப்ளோட்டின் கை துருப்பிடித்து அப்படியே இறுகிப்போய் இருந்தது. புதிது போட்டேன், சரியாகிவிட்டது. டெம்பரேச்சருக்கு மீட்டர் மாற்றிவிடுங்கள் அண்ணே. வடசேரிப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும்.

பழைய வயரிங்:

தம்பி, எதையும் வாங்காதீங்க. இன்னொரு 4,300 போகும்.

ஜீப் தம்பி சொன்னது அவர் வண்டிக்குச் சரி. அங்கே முள் ஒரே இடத்தில் நின்றது. உங்களுக்கு அது பாதிக்கு மேலிருந்து கால் கோடு வரைக்கும் இறங்கியிருக்கிறதே. அப்படியானால் ஃப்ளோட் அசைகிறது, டீசல் குறைவதை மேலே சொல்லியும் அனுப்புகிறது. கூட்டிச் சொல்வது வேறு ஆள். இரண்டு முள்ளும் ஒரே பக்கமாக, அதாவது மேல்நோக்கி, பொய் சொல்வதைக் கவனித்தீர்களா? ஒன்று டேங்கில் கிடக்கிறது, மற்றது எஞ்சினில் கிடக்கிறது. இந்த இரண்டும் ஒன்றாகக் கெட்டுப்போக அவற்றுக்குள் என்ன உறவு? டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்னத் தகரப் பெட்டிதான் உறவு. ஸ்டெபிலைசர் என்போம்.

இந்த மாதிரி மீட்டரில் முள்ளுக்குப் பின்னால் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை இருக்கும். அதன்மேல் மெல்லிய கம்பி சுற்றியிருக்கும். கரண்ட் போனால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் ஏறும். சாவி போட்டதும் டீசல் முள் சோம்பேறி மாதிரி மெதுவாக எழும்புவது அதனால்தான். இதற்கு ஒரே அளவான வோல்டேஜ் வேண்டும். பேட்டரியோ எஞ்சின் நின்றால் 12.5, ஓடினால் 14 என்று ஏறி இறங்கும். அதைச் சராசரி 10 வோல்ட்டாக்கி இரண்டு மீட்டருக்கும் கொடுப்பது ஸ்டெபிலைசரின் வேலை. அதற்குள்ளும் இதே மாதிரி ஒரு பட்டைதான். சூடானால் வளைந்து கரண்டை வெட்டும், ஆறினால் சேர்க்கும். நாள் முழுக்க வெட்டிச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் பட்டையைச் சூடாக்கும் கம்பிக்கு எர்த் வேண்டும், அதாவது கரண்ட் வண்டியின் உலோக உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் வழி. பெட்டியின் உடம்புதான் அதற்கு எர்த். உடம்புக்கு எர்த் போய்விட்டால் கம்பி சூடாகாது, பட்டை வளையாது, கரண்டை வெட்டாது. 14 வோல்ட்டும் நேராக மீட்டருக்குப் போகும். 10-க்குப் பதில் 14 போனால் சூடு கிட்டத்தட்ட இரட்டிப்பு. கால் டேங்க் டீசலைப் பாதி என்று காட்டும். நல்ல எஞ்சினைக் கொதிக்கிறது என்று காட்டும்.

ஒரு சோதனை சொல்கிறேன், ஸ்பேனர் தேவையில்லை. வண்டியை ஐடிலில் ஐந்து நிமிடம் விட்டு, ஹெட்லைட்டையும் போட்டு டீசல் முள்ளைப் பாருங்கள். பிறகு லைட்டை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் நிதானமாக ரேஸ் கொடுங்கள். லைட் போட்டு ஐடிலில் விட்டால் வோல்டேஜ் இறங்கும், ரேஸ் கொடுத்தால் ஏறும். ரேஸ் கொடுத்தால் டேங்கில் டீசல் ஊறாது. முள் ஏறினால் நான் சொன்னதுதான்.

ஏறினால், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு மீட்டரை முன்னால் இழுங்கள். ஸ்டெபிலைசரை எந்த இடத்தில் முடுக்கியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். பிறகு பேட்டரியைக் கொடுத்து, சாவி போட்டு, மீட்டருக்குப் போகும் முனையில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். வேலை செய்கிற ஸ்டெபிலைசர் என்றால் விளக்கு மினுக்கி மினுக்கி எரியும். அசையாமல் எரிந்தால் எர்த் இல்லை, அல்லது உள்ளே கரண்டை வெட்டிச் சேர்க்கும் பாயின்ட் ஒட்டிப்போயிருக்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரை அங்கே வைக்காதீங்க, எண் தாவித் தாவிக் குழப்பும்.

மீட்டரைத் தனியாகச் சோதிக்க வேண்டுமானால் டெம்பரேச்சர் சுவிட்ச் வயரைப் பிடுங்கினால் முள் கீழே விழ வேண்டும், வயரை எர்த்தில் தொட்டால் மேலே ஏற வேண்டும். இரண்டு மூன்று வினாடி தொட்டால் போதும். பிடித்துக்கொண்டே நின்றால் மீட்டருக்குள் இருக்கும் கம்பி கருகிவிடும். அப்படிக் கருக்கியவர்கள் நிறையப் பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள், யாரும் ஒப்புக்கொண்டது இல்லை.

குளச்சல் அம்பி:

அண்ணாச்சி, முள் ஏறுகிறது! ஐடிலில் ஹெட்லைட்டோடு கால் கோட்டில் நின்றது, ரேஸ் கொடுத்ததும் பாதியை நோக்கிப் போனது. எத்தனை ராத்திரி ஓட்டியிருக்கிறேன், ஒரு நாளும் இதைக் கவனிக்கவில்லை.

இன்று காலை மீட்டரை இழுத்தேன். ஸ்டெபிலைசர் ஒரே ஒரு திருகில் நிற்கிறது. அதன் அடியில் பார்த்தால் வெள்ளைப் பெயின்ட்! இரண்டு வருடம் முன்னால் வண்டிக்குப் பெயின்ட் அடித்தபோது டேஷ்போர்டைக் கழற்றி, உள்தகட்டுக்கும் சேர்த்து அடித்துவிட்டு, அதன்மேலேயே முடுக்கியிருக்கிறார்கள். இத்தனை நாள் திருகின் மரை வழியாக ஏதோ எர்த் கிடைத்திருக்க வேண்டும். இப்போது திருகு முழுக்கத் துரு, தலையைத் தொட்டாலே பொடி உதிர்கிறது. பக்கத்திலிருந்த பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு. கடற்காற்று டேஷ்போர்டுக்குள்ளும் குடித்தனம் நடத்துகிறது.

பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, புதுத் திருகு முடுக்கினேன். விளக்கு மினுக்கியது. அந்த மினுக்கலைப் பார்க்க அம்மாவையும் கூப்பிட்டேன். "இதுக்கா?" என்று கேட்டுவிட்டு மீன் ஆய்வதற்குப் போய்விட்டாள். திங்கள்சந்தை வரை ஓட்டிவிட்டு வந்தேன், டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. டீசல் முள் E-ஐ ஒட்டி நிற்கிறது. உண்மை அதுதான், அந்தக் கேன் டீசலுக்குப் பிறகு ஐந்து லிட்டர்தான் போட்டிருக்கிறேன்.

அந்தப் பட்டறைக்காரர்கள் மேல் கோபம் இருந்தது. இப்போது பெயின்டரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மார்த்தாண்டம் ஜீப்:

நான் ஃப்ளோட் வாங்க வைத்திருப்பேன், மன்னிக்கணும் அண்ணே. அண்ணாச்சி, ஒரு சந்தேகம். என் சித்தப்பா வண்டியில் இரண்டு முள்ளும் மேலே வரவே இல்லை, அடியிலேயே செத்துக் கிடக்கின்றன. அதுவும் எர்த்தா?

பழைய வயரிங்:

அது பெரும்பாலும் எர்த் இல்லை தம்பி, எதிர்ப்பக்கம். ஸ்டெபிலைசருக்குக் கரண்டே வரவில்லை, அல்லது அது உள்ளே வெட்டியபடியே நின்றுவிட்டது. முதலில் ஃபியூஸ். அதே ஃபியூஸில் வேறு எது ஓடுகிறது என்று பாருங்கள், அதுவும் செத்திருந்தால் வேலை முடிந்தது. ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஸ்டெபிலைசருக்குக் கரண்ட் வரும் முனையில் லாம்ப் வையுங்கள். அங்கே எரிந்து, மீட்டருக்குப் போகும் முனையில் எரியாவிட்டால் பெட்டி காலி. பழையது தேடி அலைய வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 7810 என்று, 10 வோல்ட் கொடுக்கும் மூன்று கால் ஐ.சி. கேளுங்கள், விலை ஒரு டீ வடைக் காசுதான். முதல் காலில் கரண்ட் உள்ளே வரும், நடுக்கால் எர்த், மூன்றாவதிலிருந்து மீட்டருக்குப் போகும். முதுகுத் தகடும் எர்த்துதான், அதை ஒரு அலுமினியத் துண்டில் முடுக்கி டேஷ்போர்டு உலோகத்தோடு பிடித்துவிடுங்கள். பெயின்ட் மேல் முடுக்கினால் அதற்கும் இதே கூத்துதான்.

குளச்சல் தம்பி, மீட்டரைத் திருப்பி மாட்டும் முன் அந்தப் பச்சைக் களிம்பையும் தேய்த்து எடுத்து, முடுக்கிய பிறகு மேலாக வாசலின் தடவிவிடுங்கள். உங்கள் ஊர்க் காற்றுக்கு ஒரு வருடம் தாங்கும்.

குளச்சல் அம்பி:

தடவிவிட்டேன் அண்ணாச்சி. மீட்டரை மாட்டுவதற்குள் இன்னொன்று. ஸ்பீடாமீட்டர் முள் 40-க்கும் 60-க்கும் நடுவில் ஊஞ்சல் ஆடுகிறது. அதுவும் ஸ்டெபிலைசரா?

பழைய வயரிங்:

அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கரண்டே தேவைப்படாத மீட்டர் அது, கேபிள் சுற்றுவதில் ஓடுகிறது. உள்கம்பியை உருவி மண்ணெண்ணெயில் கழுவி, மெலிதாக கிரீஸ் போடுங்கள். மீட்டர் பக்கம் மூன்று அங்குலம் காய்ந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போய்விடும். கம்பி எங்காவது பிரிந்திருந்தால் கழுவிப் பயன் இல்லை, மாற்றிவிடுங்கள். மாட்டும்போது கேபிளை ஒடித்து வளைக்காதீங்க.

அப்புறம், அந்த ஐந்து லிட்டரோடு மறுபடியும் முப்பந்தல் பக்கம் போய்விடாதீங்க.

குளச்சல் அம்பி:

டேங்க் நிரப்பியாச்சு அண்ணாச்சி. முள் F-இல் இருக்கிறது, ரேஸ் கொடுத்தாலும் அசையவில்லை.