ஈறு தேய்கிறது, கை மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது

மேலூர், வயது 41. இடது பக்க மேல் கோரைப் பல்லிலும் பக்கத்துப் பல்லிலும் ஈறு மேலேறி வேர் மஞ்சளாகத் தெரிகிறது. பங்குனியில் ஜிகர்தண்டா குடிக்கும்போது சுளீரென்று கூசியது, அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். இப்போது பச்சைத் தண்ணீருக்கே கூச்சம்.

மதுரையில் பல் டாக்டரிடம் காட்டி, காறையும் எடுத்தாகிவிட்டது. சொத்தை இல்லையாம். வலது கைக்காரர்கள் இடப்பக்கத்தை அழுத்தித் தேய்ப்பது சகஜம், அதுதான் காரணம், தேய்ந்த ஈறு தானாக வளராது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார். அப்பத்தா உமிக்கரியை வைத்து 'நல்லா அழுத்தித் தேய்டா' என்று பழக்கிய கை இது, லேசில் விடுமா?

மீடியம் பிரஷை விட்டு சாஃப்ட் வாங்கினேன், மூன்றே வாரத்தில் நார் விரிந்துவிட்டது, அதிலேயே தெரிகிறது நான் அழுத்துவது. பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பேஸ்ட் இரண்டு மாதமாகப் போடுகிறேன், கூச்சம் பாதி குறைந்தது. பிரஷை ஈறு ஓரமாக 45 டிகிரி சாய்த்து, இரண்டு நிமிடம் சின்னச் சின்னதாக அசைக்கச் சொன்னார். கண்ணாடி முன்னால் சரியாக வருகிறது. காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பழையபடி குறுக்கே ரம்பம் அறுக்கிறேன். பேனா மாதிரி பிடித்தும் பார்த்தேன், பின்பற்களுக்கு எட்டவில்லை. உப்புத் தண்ணீர், கிராம்பு எண்ணெய் எல்லாம் வேண்டாம், பார்த்தாயிற்று.

இதே பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் சொல்லுங்கள்: அழுத்தினால் எச்சரிக்கும் பேட்டரி பிரஷ் கையை நிஜமாகவே மாற்றியதா?