டொயோட்டா கேஈ70 கொரோலா: இன்ஜெக்ஷனுக்கு மாற்றிய பின் சூட்டில் நிற்கிறது, உதவி தேவை

வெள்ளவத்தை கொரோலா:
வணக்கம். அப்பா விட்டுச்சென்ற கேஈ70, 4கே எஞ்சின், 1290 சிசி. தேய்ந்த காபரேட்டரைக் கழற்றி, அதே இடத்தில் மின்சாரத்தால் பெற்றோல் தெளிக்கும் திராட்டில் பொடி இன்ஜெக்ஷன் பூட்டி ஒரு மாதமாகிறது. காலையில் ஒரே திருப்பில் எழும்புகிறது. ஆனால் காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டி வரை ஊர்ந்தால் போதும், தடுமாறி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் ஆறினால் மறுபடி ஓடும். பூட்டிய கராஜில் இசியூ (இன்ஜெக்ஷனைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) பழுது என்கிறார்கள். புதியது வாங்குமுன் உங்களிடம் கேட்கிறேன்.

தெகிவளை வாசி:
திராட்டில் பொடியைப் பூட்டிய அடாப்டர் தட்டின் கீழ் காற்றுக் கசிகிறதா பாருங்கள்.

கொட்டாஞ்சேனை மெக்கானிக்:
காற்றுக் கசிவென்றால் காலையிலேயே ஐட்லிங் ஏறி இறங்கும். தம்பி, மூன்று விடயம் சொல்லுங்கள். நிற்குமுன் காற்று-பெற்றோல் விகித மீட்டர் என்ன காட்டுகிறது? பெற்றோல் பம்ப் எங்கே இருக்கிறது? மிச்சப் பெற்றோலைத் திருப்பி அனுப்பும் மீள்குழாய் எங்கே போய்ச் சேர்கிறது?

வெள்ளவத்தை கொரோலா:
மீட்டர் சரியான அளவான 14.7இல் நின்று, பிறகு 17, 18 என்று ஏறுகிறது, அண்ணா. பம்ப் டிக்கிக்குள், டாங்கியை விட உயரத்தில். அப்போது அதன் இரைச்சல் மெலிந்து கீச்சிடுகிறது. டாங்கியைக் கழற்ற வேண்டாமென்று மீள்குழாயை டி இணைப்புப் போட்டு, பம்புக்குப் போகும் குழாயிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை மெக்கானிக்:
இசியூவுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள்! மீட்டரில் எண் ஏறுவது காற்றுக்கேற்ற பெற்றோல் போதவில்லை என்பதற்கு அடையாளம். எஞ்சினைச் சுற்றிச் சூடாகி வரும் பெற்றோல் டாங்கிக்குப் போய் ஆறாமல், அதே குழாயில் திரும்பத் திரும்பச் சுழல்கிறது. இந்த மின் பம்புகள் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் பலவீனம். உயரத்தில் வைத்தால் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து, சூட்டுப் பெற்றோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பிடித்து அழுத்தம் ஏற்ற முடியாது. அடுத்த முறை நின்றால் பம்பின் மேல் ஈரத்துணி போர்த்திப் பாருங்கள்.

வெள்ளவத்தை கொரோலா:
இன்று மாலை மறுபடி நின்றது. ஈரத்துணி போட்டேன். ஐந்து நிமிடத்தில் கீச்சொலி அடங்கியது, எஞ்சின் எழும்பிவிட்டது!

கொட்டாஞ்சேனை மெக்கானிக்:
அதுதான். டாங்கியை இறக்கி மீள்குழாய்க்குத் தனி வாய் வையுங்கள். பம்பைக் காருக்கு அடியில், டாங்கியின் அடிமட்டத்துக்கும் கீழே பூட்டுங்கள். பெற்றோல் பம்ப் டிக்கிக்குள் இருப்பதே ஆபத்து. குழாய்களையும் தொட்டுப் பாருங்கள்: காபரேட்டருக்கு 0.3 பார் அளவு போதும், உங்கள் கிட்டுக்கு 3 பார் வேண்டும். பழைய றப்பர்க் குழாய் தாங்காது. இன்ஜெக்ஷன் குழாயும் அதற்குரிய கிளிப்பும் பஞ்சிகாவத்தையில் கேட்டு வாங்குங்கள். டாங்கியில் வெல்டிங் வைப்பதென்றால் தெரிந்தவரிடம் மட்டும். வெறும் டாங்கியிலும் ஆவி இருக்கும்.

வெள்ளவத்தை கொரோலா:
இரண்டு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். சொன்னபடியே செய்துவிட்டோம். நேற்று நண்பகலில் கொள்ளுப்பிட்டி வரை ஊர்ந்தேன். அழுத்த மீட்டரின் முள் 3இல் அசையாமல் நின்றது. அம்மாவும் பக்கத்தில் இருந்தார். மிக்க நன்றி, அண்ணா.

கொட்டாஞ்சேனை மெக்கானிக்:
மிகவும் மகிழ்ச்சி, தம்பி. எஞ்சினில் காபரேட்டருக்கான பழைய பம்ப் இருந்த துளையைத் தகடு போட்டு மூடியிருக்கிறார்களா? இல்லையென்றால் அங்கே ஒயில் கசியும்.

வெள்ளவத்தை கொரோலா:
மூடியிருக்கிறது. காஸ்கெட் ஓரம் மட்டும் சற்று ஈரமாக இருக்கிறது, நாளைக்கே மாற்றிவிடுகிறேன்.